மாத்தளைச் சோளன் செய்கையும் நைதரசன் வரலாறும்

உழவின் வரலாற்றை எழுதப் புகுவோர் மன்னர் கட்டிய குளங்களையும், ஆட்சியாளர் விதித்த வரிகளையும், விளைந்த பொருள் சென்ற சந்தைகளையும் விரித்துரைப்பர். மண்ணினுள்ளே நிகழும் வரவு செலவோ எந்த ஏட்டிலும் ஏறுவதில்லை. ஆயினும் ஒரு நிலம் பலகாலம் விளைவதும், சில காலத்தில் ஓய்ந்துபோவதும் அக்கணக்கைப் பொறுத்தனவே. அக்கணக்கில் முதலிடம் பெறுவது நைதரசன். இலையின் பசுமைக்கும் மணியின் புரதத்துக்கும் அடிப்படையாவது அதுவே. மாத்தளை மாவட்டத்துச் சோளன் செய்கையின் வரலாறு, நைதரசனை மக்கள் எங்கிருந்து பெற்றனர், எவ்வாறு காத்தனர், எவ்வாறு இழந்தனர் என்பதன் வரலாறாகவும் அமைகின்றது.

மாத்தளை மாவட்டம் மலைநாட்டுக்கும் வரண்ட வலயத்துக்கும் இடையே ஒரு வாயிலாக விளங்குவது. தெற்கே தேயிலை, மிளகு, கொக்கோ முதலியன செழிக்கும் ஈரலிப்பான மலைச்சரிவுகள். வடக்கேயும் கிழக்கேயும் பெரும்போக மழையை நம்பியிருக்கும் மேட்டு நிலங்கள். கலேவெல, தம்புள்ளை, நாவுல, லக்கல, வில்கமுவ ஆகிய பகுதிகளே சோளனுக்கு உரியன. தமிழகத்தில் மக்காச்சோளம் என வழங்கும் இப்பயிர் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியது. பிற்காலத்தில் இலங்கைக்கு வந்ததாயினும், குரக்கன், பயறு, எள்ளு, பூசணி என்பவற்றோடு சேனை நிலத்தில் எளிதில் ஒன்றிவிட்டது.

சேனைப் பயிர்ச்செய்கையின் முறை யாவரும் அறிந்ததே. கோடையிற் காட்டை வெட்டி, உலரவிட்டு, எரித்து, முதல் மழையோடு விதைப்பர். ஓரிரு போகம் விளைந்ததும் நிலத்தை மீண்டுங் காட்டுக்கே விட்டுவிடுவர். சாம்பலே பயிருக்கு முழு உணவு என்பது பொதுவாக நிலவும் எண்ணம். அது பாதி உண்மையே. சாம்பலிலே பொற்றாசியமும் கல்சியமும் பொசுபரசும் எஞ்சும். மரஞ்செடிகளில் இருந்த நைதரசனிற் பெரும்பங்கோ புகையோடு வானேறிவிடும். சேனைச் சோளனை வளர்த்தது, காடு நின்ற ஆண்டுகளில் இலைச்சருகு உக்கி மண்ணிலே சேர்ந்த நைதரசன் ஆகும். உலர்ந்து கிடந்த மண்மீது முதல் மழை விழுந்ததும் நுண்ணுயிர்கள் விரைந்து தொழிற்பட்டு அதனைப் பயிர் உறிஞ்சத்தக்க வடிவிற்கு மாற்றுகின்றன. இந்நிகழ்வைக் கிழக்காபிரிக்க மண்களில் ஆராய்ந்த பேர்ச் என்பார் 1958ஆம் ஆண்டளவில் விளக்கினார். முதல் மழை தவறாது விதைக்க வேண்டும் என்னும் சேனையாளரின் பிடிவாதத்துக்கு விஞ்ஞானம் கண்ட காரணங்களுள் இதுவும் ஒன்று. பிந்தி விதைத்தவனுக்கு மழையும் குறையும். மழையோடு எழுந்த நைதரசனும் வழிந்தோடிவிடும்.

இம்முறை நிலைபெற வேண்டுமாயின் காட்டுக்கு நீண்ட ஓய்வு வேண்டும். அவ்வோய்வுக்கு முதல் இடையூறு சட்ட வடிவில் வந்தது. 1840ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம், காடும் தரிசும் முடிக்குரியன எனக் கொண்டதோடு, பல ஆண்டு இடைவெளிவிட்டே பயிரிடத்தக்க சேனை நிலங்களும், கண்டி இராச்சியத்துக்கு முன்பு உரியனவாயிருந்த பகுதிகளில், சன்னசோ வழக்கமான வரியிறுத்தமைக்குச் சான்றோ இல்லாவிடின் முடிக்கே உரியன என்றது. மாத்தளை அப்பகுதிகளுள் ஒன்று. நிலத்துக்கு ஓய்வளித்தலே அதன்மீது உரிமையின்மைக்கு அடையாளமாயிற்று. இச்சட்டத்தின் துணையோடு கோப்பித் தோட்டங்கள் பெருகின. 1848ஆம் ஆண்டிலே மாத்தளையில் எழுந்த கிளர்ச்சிக்குப் புதிய வரிகளே உடனடிக் காரணம் எனினும், நிலம் கைநழுவிய மனத்தாங்கலும் அதன் பின்னணியில் இருந்தமை வரலாற்றறிஞர் கூறுவதாகும்.

அதே 1840ஆம் ஆண்டிலேதான் ஜேர்மனியில் லீபிக் என்னும் இரசாயனர் பயிரூட்டம் பற்றிய தமது புகழ்பெற்ற நூலை வெளியிட்டார். பயிர் மண்ணிலிருந்து எடுப்பதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்னும் கொள்கை அவரால் வலுப்பெற்றது. ஆயினும் வேண்டிய நைதரசன் வளியிலிருந்து மழையோடு வந்து சேரும் என அவர் கருதியது பிழையெனப் பின்னர் தெளிவாயிற்று. அவரைக் குடும்பப் பயிர்களின் வேர்முடிச்சுகளில் வாழும் பற்றீரியாக்கள் வளிமண்டல நைதரசனைப் பிடித்துத் தருகின்றன என்பதை 1880களில் எல்றீகல், வில்பாத் ஆகியோர் நிறுவினர். 1909இல் ஏபர் ஆய்வுகூடத்திலே வளியிலிருந்து அமோனியாவை ஆக்கிக் காட்டினார்; 1913இல் பொஷ்சின் முயற்சியால் அது பெருந்தொழிலாயிற்று. காடு பல்லாண்டு நின்று சேர்த்ததைத் தொழிற்சாலை ஒரு நாளிற் செய்யலாம் என்னும் நிலை உருவாயிற்று.

அந்த ஆற்றல் மாத்தளையின் மேட்டு நிலங்களை அடைய நெடுங்காலஞ் சென்றது. 1950களில் மகா இலுப்பள்ளமை ஆராய்ச்சி நிலையத்திலே ஏர்னஸ்ட் அபேரத்ன முதலியோர் வரண்ட வலயத்து மானாவாரிச் செய்கையை ஆராய்ந்தனர். 1962ஆம் ஆண்டு தொடங்கிய பசளை மானியம் நெல்லையே முதன்மையாகக் கருதியது. இதற்கிடையே சேனையாளன் நாடிச் செல்லக்கூடிய காடு நாளும் சுருங்கியது. மக்கட்தொகை பெருகிற்று, குடியேற்றங்கள் தோன்றின, 1984இல் வஸ்கமுவ தேசிய வனமாயிற்று, 2000ஆம் ஆண்டில் நக்கிள்ஸ் மலைத்தொடர் காப்புக்காடாயிற்று. இவை நாட்டுக்கு நன்மையே. ஆயின் ஓய்வாண்டுகள் அருகி, ஒரே நிலத்தில் ஆண்டுதோறும் சோளன் விதைக்கும் நிலை வந்தது. கோழித்தீவனத்துக்கும், 1973 முதல் தாய்மார்க்கும் குழந்தைகட்கும் வழங்கப்பட்டுவரும் திரிபோஷாவுக்கும் சோளன் வேண்டப்பட்டமையால் சந்தையும் விரிந்தது. கலப்பின விதைகள் பரவியபின் நைதரசன் தேவை மேலும் உயர்ந்தது. இவ்வாறு காட்டின் இடத்தை யூரியா மூடை ஏற்றது.

ஈண்டு ஒரு சிறு கணக்கு நோக்கத்தக்கது. ஒரு தொன் சோளன் மணி ஏறத்தாழ 15 கிலோகிராம் நைதரசனை நிலத்திலிருந்து கொண்டுசெல்லும். ஓர் எக்டேரில் 4 தொன் விளைந்தால் மணியில் மட்டும் 60 கிலோகிராம் போகும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன் ஆதலின், 50 கிலோகிராம் மூடையொன்றில் இருப்பது 23 கிலோகிராம். இட்டது முழுவதும் மணியைச் சேருமாயின் மூன்று மூடைக்குக் குறைவாகவே போதும். அவ்வாறு சேர்வதில்லை. உலகின் தானியப் பயிர்களுக்கு இடப்படும் நைதரசனில் மூன்றிலொரு பங்களவே மணியிற் சேர்கின்றது என ரோன், ஜோன்சன் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் 1999இல் மதிப்பிட்டனர்.

எஞ்சிய பங்கில் ஒரு பகுதி தண்டிலும் மண்ணிலும் தங்கும். மறுபகுதி மூவகையில் இழக்கப்படும். ஈரமண்ணின் மேற்பரப்பில் தூவி மூடாது விடப்பட்ட யூரியா, அமோனியாவாக மாறி வளியிற் கலந்துவிடும். மண்ணினுள் நைத்திரேற்றாக மாறியது, பெருமழை பெய்யுங்கால் வேருக்குக் கீழே கழுவப்பட்டுக் கிணற்றையும் ஆற்றையும் சேரும். நீர் தேங்கும் பள்ளங்களில் அது வாயுவாகி வெளியேறும். அம்பன் கங்கையின் நீரும், 2018இல் திறக்கப்பட்ட மொரகஹகந்த நீர்த்தேக்கமும் வடக்கே பல்லாயிரம் வயல்களுக்குப் பாயும் மாவட்டத்தில், கழுவப்பட்ட பசளை உழவனுக்கு மட்டும் நட்டமன்று.

காடு தந்த நைதரசனுக்கும் மூடை தரும் நைதரசனுக்கும் உள்ள வேற்றுமை இங்கேதான் புலப்படும். உக்கிய இலை சிறிது சிறிதாகவே தன் செல்வத்தை வெளிவிடும்; யூரியா சில நாட்களில் அனைத்தையும் கொடுத்துவிடும். சோளன் நாற்றோ முதல் மூன்று வாரங்களில் மிகச் சிறிதே உண்ணும். முழங்காலளவு வளர்ந்தது முதல் ஆண்பூ தோன்றுங் காலம் வரையே அதன் பசி மிகுதி. ஆதலால் அடிக்கட்டுப் பசளையாக யூரியாவிற் சிறுபங்கை மட்டும் இட்டு, நான்காம் வாரமளவில் களை அகற்றி, மண் ஈரமாயிருக்குங்கால் மேற்கட்டுப் பசளையாகப் பெரும்பங்கை வரிசையோரம் இட்டு மண்ணால் மூடுதலே சிறந்தது. களையோடு கூடிய நிலத்தில் இடின் களையே உண்ணும். கடும் மழைக்கு முன்னிடின் வெள்ளமே உண்ணும். வள்ளுவர் உழவைப் பற்றிக் கூறுமிடத்து எரு, களை, நீர், காவல் ஆகியவற்றை உழுதலோடு ஒருங்கு வைத்தெண்ணியது பொருள் பொதிந்தது. அவற்றுள் ஒன்று தவறின் ஏனையவற்றிலிட்ட முதலும் பயன்படாது.

2021ஆம் ஆண்டு இவ்வுண்மையை நாடு முழுவதற்கும் கசப்பாக உணர்த்திற்று. அவ்வாண்டு மே மாதத்திலே இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பர் மாதத்தில் தடை நீக்கப்பட்டபொழுது பெரும்போக விதைப்புக் காலம் கடந்துகொண்டிருந்தது. அந்நியச் செலாவணி நெருக்கடியும் உலகச் சந்தை விலையேற்றமும் சேர, யூரியா விலை பன்மடங்காயிற்று. 2021/22 பெரும்போகத்தில் சோளன் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. தீவனம் அருகவே முட்டையின் விலையும் ஏறியது. மிகையாக இடுதலால் மண்ணும் நீரும் கெடுகின்றன என்னும் கவலை பொய்யன்று. ஆயினும் மூடையை நிறுத்தியவர், அம்மூடை எந்தக் காட்டின் இடத்தில் நின்றது என எண்ணினாரில்லை. ஓய்வில்லாத நிலத்தில் ஊட்டத்தையும் திடீரென நிறுத்தினால் எஞ்சுவது வெறும் மண்ணே.

மிகையாக இடுதலும் முற்றாக விலக்குதலும் ஒரே அறியாமையின் இரு முகங்கள். நடுவழியோ மாத்தளைக்குப் புதியதன்று. மிளகுக் கொடிக்குத் தாங்குமரமாக இம்மாவட்டத்தில் நிற்கும் கிளிரிசிடியா அவரைக் குடும்பத்தது. அதன் தழை நைதரசன் மிக்கது. வரிசையாக நட்ட அம்மரங்களின் இடையே மேட்டுநிலப் பயிரை வளர்த்துத் தழையை வெட்டிப் பரப்பும் முறை மகா இலுப்பள்ளமையிலே சோதிக்கப்பட்டதுண்டு. சோளனோடு பயறும் கௌபியும் மாறிமாறி விதைத்தலும், தட்டையை எரியாது மண்ணுக்கே விடுதலும் அதனைச் சார்ந்தன. இவை யூரியாவை முற்றாக நீக்கமாட்டா. அதன் தேவையைக் குறைத்து, இட்டதை மண்ணிலே நிறுத்திவைக்க உதவும்.

பண்டைச் சேனையாளன் நைதரசன் என்னும் பெயரையே அறியான். ஆயின் எப்போது விதைப்பது, எப்போது நிலத்தைவிட்டு விலகுவது என்பதை அறிந்திருந்தான். இன்றைய உழவன் கையில் அன்றிலும் பன்மடங்கு ஆற்றல் உண்டு. விலகிச் செல்லக் காடு இல்லை. காடு தன்னியல்பிற் காத்த கால ஒழுங்கை இனி அறிவினாலேயே காத்தல் வேண்டும். அவ்வறிவை உழவனுக்குச் சேர்ப்பிப்பது மானியத்தினும் தடையினும் கடினமான பணியே. ஆயினும் மாத்தளையின் மண்ணும் நீரும் நிலைபெறுவதற்கு அதுவே வழியாகும்.