நம்மவர் கட்டிய கல்லூரிகளும் நம் பிள்ளைகளின் முதலாண்டும்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்.

பிளஸ் டூ தேர்வு முடிவு வெளிவந்த நாள் முதல், மஃரிபுத் தொழுகை முடிந்ததும் எங்கள் திருக்கோவிலூர் மதரஸா வாசலில் பெற்றோர் சிலர் காத்திருப்பது வழக்கம். "ஹஜ்ரத், பிள்ளையை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம்?" என்பதே அவர்களின் கேள்வி. எங்கள் பணி ஓதிக்கொடுப்பது; கல்லூரி பற்றி எங்களிடம் ஏன் கேட்கிறார்கள் என்று முன்பெல்லாம் தயங்கியதுண்டு. நம் சமுதாயத்தில் கல்லூரிகள் உருவான வரலாற்றைப் படித்த பிறகு அந்தத் தயக்கம் நீங்கியது. அக்கல்லூரிகளின் வேர்களில் பல மதரஸாவிலும் ஜமாஅத்திலும்தான் இருக்கின்றன.

தென்பெண்ணையின் அக்கரையில், அரகண்டநல்லூர்ப் பக்கம் உள்ள நமது ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் இவ்வரலாறு எளிதில் விளங்கும். ஒரு திசையில் செல்லும் ரயில் திருவண்ணாமலை வழியாக வேலூரையும் காட்பாடியையும் அடைகிறது. மறு திசையில் விழுப்புரம். அங்கிருந்து சென்னைக்கும் திருச்சிக்கும் பாதை பிரிகிறது. தமிழக முஸ்லிம்களின் உயர்கல்வி பெரிதும் வளர்ந்தது இந்த மூன்று முனைகளில்தான்.

வேலூரில் மௌலானா அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் (ரஹ்) அவர்கள் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் அரபுக் கல்லூரியை அறியாத ஜமாஅத் தமிழகத்தில் இருக்காது. 'பாகவி' என்ற பட்டம் அங்கிருந்தே வருகிறது. அதே பாலாற்றுப் பகுதியில் தோல் வணிகத்தில் ஈடுபட்டிருந்த நம்மவர்கள் வாணியம்பாடியில் 1919ஆம் ஆண்டு இஸ்லாமியாக் கல்லூரியைத் தொடங்கினர். மேல்விஷாரத்தில் சி. அப்துல் ஹக்கீம் பெயரால் 1965இல் ஒரு கல்லூரி எழுந்தது. தோல் பதனிடும் தொட்டிகளின் நடுவே வாழ்ந்தவர்கள், தம் பிள்ளைகள் அந்தத் தொட்டியோடு நின்றுவிடக் கூடாது என்று எண்ணியிருக்க வேண்டும்.

சென்னையில் தோல் வணிகம் செய்த ஜமால் முகம்மது சாகிபை இங்கே நினைவுகூராமல் இருக்க முடியாது. அவரைப் போன்ற செல்வந்தர்களின் ஆதரவில், தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தார் அக்காலத்துப் பேரறிஞர்களைச் சென்னைக்கு வரவழைத்தனர். 1925இல் மௌலானா சையித் சுலைமான் நத்வீ (ரஹ்) அவர்கள் நபி (ஸல்) அவர்களின் வாழ்வு குறித்துச் சொற்பொழிவாற்றினார்கள். 1927இல் மார்மடியூக் பிக்தால் வந்தார். 1929 ஜனவரியில் அல்லாமா இக்பால் வந்தார். அவர்கள் ஆற்றிய உரைகள் நூல்களாகி இன்றும் உலகெங்கும் வாசிக்கப்படுகின்றன. நம் வீட்டுத் திருமணச் செலவைப் பார்க்கும்போது இந்த வணிகர்களின் கணக்குப் புத்தகம் நமக்கு அடிக்கடி நினைவுக்கு வருகிறது.

இனி 1951ஆம் ஆண்டுக்கு வருவோம். அதுவரை சென்னை மாகாணத்தில் 'வகுப்புவாரி அரசாணை' நடைமுறையில் இருந்தது. மருத்துவம், பொறியியல் கல்லூரிகளில் 14 இடங்கள் நிரப்பப்பட்டால் அவற்றில் 1 இடம் முஸ்லிம்களுக்கு என்பது கணக்கு. செண்பகம் துரைராஜன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் அளித்த தீர்ப்பால் அந்த அரசாணை செல்லாததாயிற்று. அதே ஆண்டில்தான் சென்னையில் புதுக்கல்லூரியும் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் திறக்கப்பட்டன. தீர்ப்பு வந்ததால் கல்லூரி கட்டினார்கள் என்று நாம் சொல்லவில்லை. அவற்றுக்கான முயற்சி அதற்கும் முன்னரே தொடங்கியது. ஆயினும், கையிலிருந்த ஓர் இடம் போன ஆண்டிலேயே இரண்டு கல்லூரிகள் திறந்தன என்பதை எண்ணும்போது அல்லாஹ்வின் ஏற்பாட்டை வியக்காமல் இருக்க முடியவில்லை.

திருச்சிக் கல்லூரியை நிறுவியவர்கள் என்று ஹாஜி ஜமால் முகம்மது சாகிபையும் காஜாமியான் ராவுத்தரையும் குறிப்பிடுவர். அதன் பின் 1955இல் அதிராம்பட்டினத்தில் காதிர் முகைதீன் கல்லூரி, 1956இல் உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியாக் கல்லூரி, 1970இல் இளையான்குடியில் டாக்டர் ஜாகிர் உசேன் கல்லூரி, 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி என அடுத்தடுத்து எழுந்தன. பெண்மக்களுக்காக நீதிபதி பஷீர் அகமது சயீத் அவர்களின் முயற்சியால் 1955இல் சென்னைத் தேனாம்பேட்டையில் எஸ்.ஐ.இ.டி. மகளிர் கல்லூரி தொடங்கப்பட்டது. பெண்பிள்ளையை வெளியூருக்கு அனுப்பிப் படிக்கவைப்பது புதுப்பழக்கம் என்று நம்மூர்ப் பெரியவர்கள் சிலர் இன்றும் சொல்வதுண்டு. அந்தக் கல்லூரிக்கு வயது எழுபதாகிறது.

பிள்ளை வெளியூரில் தங்கி ஓதுவதும் நமக்குப் புதிதன்று. மதீனாவில் மஸ்ஜிதுந் நபவீயின் திண்ணையில் தங்கி இல்மு கற்ற அஹ்லுஸ் ஸுஃப்பா தோழர்களுக்கு ஊரார் உணவளித்தார்கள். அபூஹுரைரா (ரலி) அவர்களும் அத்திண்ணையில் இருந்தவர்களே. எனவே கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பாடப்பிரிவுக்கு அடுத்து விடுதியைப் பாருங்கள். கட்டடத்தின் பளபளப்பைப் பார்க்காமல் காப்பாளர் யார், இரவில் எத்தனை மணிக்குக் கதவு அடைக்கப்படும், தொழ இடம் உண்டா, நோன்பு நாளில் சஹர் உணவு கிடைக்குமா என்று கேளுங்கள். ஒரு நாள் முழுக்க அங்கே இருந்து பார்த்து வருவது இன்னும் நல்லது.

முதலாண்டு குறித்து ஒன்று சொல்ல வேண்டும். எம்மிடம் ஓதிய ஒரு மாணவர் ஹிஃப்ழையும் முடித்து, பிளஸ் டூவிலும் நல்ல மதிப்பெண் பெற்றார். வெளியூர்க் கல்லூரியில் சேர்ந்தவர், நாற்பது நாள்களில் பெட்டியோடு திரும்பி வந்தார். பாடம் முழுவதும் ஆங்கிலத்தில் நடந்தது, ஒன்றும் விளங்கவில்லை, யாரிடமும் கேட்க வெட்கம். திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் சுமந்த பிள்ளை, தன்னை மந்தபுத்தி உள்ளவன் என்று சொல்லி அழுதார். அவரை அனுப்பும் முன் நாம் செய்யத் தவறியது என்ன என்று பல நாள் யோசித்தோம்.

பதில் வரலாற்றிலேயே இருந்தது. முற்காலத்தில் பள்ளி இறுதி வகுப்பை முடித்தவர் நேராகப் பட்டப்படிப்பில் நுழைவதில்லை. முதலில் இரண்டாண்டு இண்டர்மீடியட். பின்னர் ஓராண்டு பி.யு.சி. எனப்பட்ட புகுமுக வகுப்பு. தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளை, கல்லூரி வளாகத்திலேயே ஆங்கில விரிவுரைக்கும் குறிப்பெடுப்பதற்கும் விடுதிக்கும் பழக ஓர் ஆண்டு கிடைத்தது. 1978இல் தமிழகத்தில் மேல்நிலைக் கல்வி வந்தபோது அந்த ஆண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது. அதனால் வீட்டருகிலேயே மேல்நிலை படிக்க வாய்ப்பு வந்தது. அது பெரிய நன்மை. ஆனால் கல்லூரிக்குள் நடந்த அந்தப் பழக்கம் இல்லாமல் போயிற்று. இப்போது அதற்கென நம் பிள்ளைகளுக்கு மிஞ்சுவது முடிவு வந்த நாளிலிருந்து கல்லூரி திறக்கும் நாள் வரையிலான சில வாரங்கள் மட்டுமே.

அந்த வாரங்களை எங்கள் மதரஸாவில் இப்போது புகுமுக வகுப்பாகவே நடத்துகிறோம். லுஹருக்குப் பின் ஒரு மணி நேரம். சேரவிருக்கும் பாடத்தின் முதற்பருவ நூலை மூத்த மாணவரிடம் கடன் வாங்கி, முதல் அத்தியாயத்தை ஆங்கிலத்திலேயே உரக்கப் படிக்கச் செய்து, புரியாத சொற்களை நோட்டில் எழுதவைக்கிறோம். வங்கிச் சீட்டு நிரப்புவது, விண்ணப்பக் கடிதம் எழுதுவது, தன் துணியைத் தானே துவைப்பது ஆகியவையும் உண்டு. கடைசியாகச் சொன்னதற்குத்தான் தாய்மார்களிடமிருந்து எதிர்ப்பு வருகிறது. திரும்பி வந்த மாணவர் மறு ஆண்டு வேறொரு கல்லூரியில் சேர்ந்தார். இந்த வகுப்பில் அவரே இப்போது ஆங்கிலம் சொல்லிக் கொடுக்கிறார், அல்ஹம்துலில்லாஹ்.

சேர்க்கை குறித்துச் சில செய்திகள். 2007 முதல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்குக் கல்வியிலும் அரசுப் பணியிலும் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. லெப்பை, ராவுத்தர், மரைக்காயர், தக்கனி, ஷேக், சையத் முதலியோர் இதில் அடங்குவர். சாதிச் சான்றிதழை முன்கூட்டியே பெற்று, பெயரின் எழுத்துகள் மதிப்பெண் பட்டியலோடு பொருந்துகின்றனவா என்று பாருங்கள். 'முகம்மது' என்ற பெயரை நாம் எத்தனை விதமாக எழுதுகிறோம் என்பது தெரிந்ததே. ஒரே கல்லூரியில் அரசு உதவி பெறும் பிரிவும் சுயநிதிப் பிரிவும் இருக்கலாம். கட்டணத்தில் வேறுபாடு அதிகம். எதில் இடம் தருகிறார்கள் என்பதைக் கேட்டு உறுதி செய்யுங்கள். பல கல்லூரிகளில் முதற்பகுதி மொழியாக அரபியும் உண்டு. மதரஸாவில் ஓதிய பிள்ளைக்கு அது கைகொடுக்கும்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவியருக்கு 2022இல் வந்த புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவருக்கு 2024இல் வந்த தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பின்னர் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தோரும் சேர்க்கப்பட்டனர். ஹிஃப்ழுக்காகப் பள்ளியிலிருந்து பிள்ளையை இடையில் நிறுத்தினால் இந்த உதவி கிடைக்காமல் போகலாம். இதை மதரஸாக்காரர்களாகிய நாங்களே பெற்றோரிடம் முதலில் சொல்லியாக வேண்டும்.

வெளியூர் அனுப்ப வசதியில்லாதவர்கள் மனம் தளர வேண்டாம். 2021இல் அறிவிக்கப்பட்ட பத்து அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் நம் திருக்கோவிலூருக்கும் ஒன்று கிடைத்தது. இஸ்திகாரா தொழுதுவிட்டு, சான்றிதழ்களோடு பிள்ளையையும் அழைத்துக்கொண்டு ஒரு மாலை மதரஸாவுக்கு வாருங்கள். தந்தை மட்டும் வந்தால் நாங்கள் திருப்பி அனுப்பிவிடுவோம். படிக்கப்போகிறவர் பேசுவதையும் நாங்கள் கேட்க வேண்டும்.