கீமோதெரபியில் முடி கொட்டுவது ஏன்? நித்யகல்யாணி செடிக்கும் செல் பிரிதலுக்கும் என்ன தொடர்பு?

வீட்டு வாசலிலும் சாலையோரத்திலும் கேட்பாரற்று பூத்துக் கிடக்கும் நித்யகல்யாணியை தெரியாதவர்கள் குறைவு. சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். இந்தச் செடியில் இருந்து கிடைக்கும் வின்கிறிஸ்டின் என்ற மருந்துதான், குழந்தைகளைத் தாக்கும் ரத்தப் புற்றுநோய்க்கான கீமோதெரபியில் 60 ஆண்டுகளுக்கும் மேலாக முக்கிய இடத்தில் இருக்கிறது. அது என்ன செய்கிறது என்று புரிய, ஒரு செல் எப்படி இரண்டாகிறது என்பதை முதலில் பார்க்கணும்.

நம் உடலின் பெரும்பாலான செல்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. பிரிவதற்கு முன்பு செல் இவை எல்லாவற்றையும் ஒரு நகல் எடுத்துவிடும். அசலும் நகலும் ஒட்டியபடியே இருக்கும். பிறகு எல்லாம் செல்லின் நடுவில் வரிசை கட்டி நிற்க, இரண்டு முனைகளில் இருந்தும் மெல்லிய இழைகள் வந்து கயிறு போல பிடித்துக்கொள்கின்றன. அப்புறம் ஒரே இழு! ஒன்று இந்தப் பக்கம், இன்னொன்று அந்தப் பக்கம். இரண்டு புது செல்களுக்கும் அதே 46. இதற்கு மைட்டாசிஸ் என்று 1882-ல் பெயர் வைத்தவர் ஜெர்மனி விஞ்ஞானி வால்தர் ஃபிளெமிங்.

இதில் ஒரு கறாரான விதி இருக்கிறது. ஒரே ஒரு குரோமோசோமில் இழை மாட்டவில்லை என்றாலும் செல் காத்திருக்கும், இழுக்காது. வின்கிறிஸ்டின் கை வைப்பது இங்கேதான். டியூபுலின் என்ற புரதம் செங்கல் மாதிரி அடுக்கி அடுக்கித்தான் அந்த இழை உருவாகிறது. மருந்து அந்த டியூபுலினில் போய் ஒட்டிக்கொள்ளும். கயிறே தயாராகாது. நடுவழியில் நின்றுபோன செல் பெரும்பாலும் இறந்துவிடுகிறது.

கட்டுப்பாடில்லாமல் பிரியும் புற்றுநோய் செல்களுக்கு இதில் பலத்த அடி. ஆனால் எது புற்றுநோய் செல், எது நல்ல செல் என்று மருந்துக்குத் தெரியாதே! முடியின் வேரில் இருக்கும் செல்களும் வேகமாகப் பிரிபவை. அதனால்தான் முடி கொட்டுகிறது. சிகிச்சை முடிந்த பிறகு பெரும்பாலானவர்களுக்கு மீண்டும் வளர்ந்துவிடும்.

சிலருக்கு கை, கால் மரத்துப்போவதும் உண்டு. நரம்பு செல்கள் பிரிவதில்லை. ஆனாலும் நீளமான நரம்புக்குள் பொருட்கள் போய்வர இதே வகை இழைகள்தான் பாதை.

அப்போ நித்யகல்யாணி இலையை காய்ச்சிக் குடிக்கலாமா? கண்டிப்பாகக் கூடாது. டன் கணக்கில் காய்ந்த இலையில் இருந்து சில கிராம் மட்டுமே பிரித்தெடுக்கப்படும் மருந்து இது. உடல் அளவுக்கு ஏற்ப கணக்கிட்டு, நரம்பு ஊசியாக, அதாவது ரத்தக் குழாய் வழியாக மட்டுமே கொடுப்பார்கள். இலையில் வேறு பல ஆல்கலாய்டுகளும் இருக்கின்றன, அதிகம் போனால் விஷம்.