மூன்று மணி இருபது நிமிடம்: ஓசூர் வட்டாரப் பள்ளித் தோட்டத்தின் முன்வரலாறு

தொடக்கப் பள்ளியில் தோட்டம் எப்படிப் பாடமாயிற்று என்று எழுதுவோர், ஜாகிர் உசேன் குழு வகுத்த 1937ஆம் ஆண்டு வார்தா ஆதாரக் கல்வியையும் 1953ஆம் ஆண்டு ராஜாஜியின் தொடக்கக் கல்வித் திட்டத்தையும் ஒரே கொடியின் இரு கணுக்களாகக் காட்டுவதுண்டு. ஓசூர்ப் பகுதியில் இந்த வாசிப்புக்குக் கூடுதல் கவர்ச்சி உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி இங்கேதான் இருக்கிறது. அதைவிட வலுவான துணை, திட்டத்தை ஆராய 1953இல் அமைக்கப்பட்ட பருலேகர் குழு. ஜாகிர் உசேன் வளர்த்த ஜாமியா மில்லியாவின் முஜீபும் காந்திகிராமத்து ஜி. ராமச்சந்திரனும் அதில் இருந்தார்கள். திட்டம் சரியானதே என்பது குழுவின் முடிவு. ஆதாரக் கல்விக்காரர்களே ஒப்புக்கொண்டதை நாம் எப்படி வேறு குலம் என்பது?

குழுவில் யார் இருந்தார்கள் என்பதைவிட, கால அட்டவணை என்ன சொல்கிறது என்பதே எனக்கு முக்கியம். ஜாகிர் உசேன் குழுவின் 1937 அறிக்கை பள்ளி நாளை ஐந்தரை மணி நேரமாக வகுத்தது. அதில் கைத்தொழிலுக்கு 3 மணி 20 நிமிடம். இசை, ஓவியம், கணக்குக்குச் சேர்த்து 40 நிமிடம், தாய்மொழிக்கு 40, சமூக இயலும் பொது அறிவியலுமாக 30, உடற்பயிற்சிக்கு 10, இடைவேளைக்கு 10. கணக்குக்கு இவ்வளவு குறைவா என்று முதலில் திகைப்பு வரும். ஆனால் கணக்கின் பெரும்பங்கு அந்த 3 மணி 20 நிமிடத்துக்குள்தான் நடந்தாக வேண்டும். 12 அடி வரிசையில் ஒன்றரை அடிக்கு ஒரு தக்காளி நாற்று நடச் சொன்னால், வகுத்துப் பார்க்கும் பிள்ளை எட்டு நாற்று எடுத்து வரும். இரு முனையிலும் நட்டால் ஒன்பது வேண்டும். ‘ஏன் ஒன்று குறைந்தது?’ என்று கேட்க ஆள் இருந்தால்தான் பாத்தி பாடமாகும். 1953 திட்டத்திலோ மொத்தப் பள்ளியே மூன்று மணி நேரம். மீதிப் பொழுதில் பிள்ளை பெற்றோரின் தொழிலைப் பழக வேண்டும். ஆசிரியரோ அந்த நேரத்தில் அடுத்த ஷிப்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருப்பார். கேள்வி கேட்கும் ஆளை அந்த ஏற்பாடே அப்புறப்படுத்திவிட்டது. பள்ளியைத் தொழிலுக்குத் திறந்துவிட்டது 1937. பிள்ளையைத் தொழிலுக்குத் திருப்பி அனுப்பியது 1953. குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்ததும் 1954இல் காமராஜர் ஆட்சி கைவிட்டதும் இதைத்தான்.

வார்தா திட்டமும் பிள்ளைகளின் விளைபொருளை விற்று ஆசிரியர் சம்பளத்தை ஈடுகட்ட நினைத்ததே, அது மட்டும் உழைப்புச் சுரண்டல் இல்லையா என்று கேட்கலாம். கேள்வி நியாயமானது, 1937ஐ நான் களங்கமற்றதாக்க வரவில்லை. அங்கே தொழில் பாடத்திட்டத்துக்குள் இருந்தது, பிறப்பால் தீர்மானிக்கப்படவில்லை என்பது மட்டுமே என் வாதம்.

அப்படியானால் இன்றைய தோட்டம் யாருடைய வாரிசு? 2019இல் மத்திய அரசு வழிகாட்டிய பள்ளி ஊட்டச்சத்துத் தோட்டம் மதிய உணவுத் திட்டத்தின் கிளை. எனவே 1956 மதிய உணவு, 1982 சத்துணவு வழியாக அது வந்தது என்பதே பொருத்தமாகப் படுகிறது. வார்தாவின் நேர் வாரிசு என்று அடித்துச் சொல்ல மாட்டேன். கீரை சத்துணவுக் கூடத்து அடுப்புக்குப் போவதோடு நின்றால் அது விளைச்சல் மட்டுமே, பாடம் அல்ல. ஓசூரில் இந்த வேறுபாடு கூர்மையாகத் தெரியும். சிப்காட் தொழிற்பேட்டை ஆலையில் ஷிப்டு பார்க்கும் பெற்றோரின் ‘குலத்தொழில்’ எது? நிலமில்லாத வாடகை வீட்டுப் பிள்ளைக்கு மண்ணைத் தொட இருக்கும் ஒரே இடம் பள்ளி வளாகமாகவும் இருக்கலாம். அங்கே ஒரு பாத்தியில் குச்சி நட்டுப் பெயர் எழுதச் சொன்னால், தமிழ்ப் பிள்ளை கொத்தமல்லி என்று எழுதும். தெலுங்கு வீட்டுப் பிள்ளை கொத்திமீர என்னும், கன்னட வீட்டுப் பிள்ளை கொத்தம்பரி என்னும். இந்த மூன்று பெயரும் எந்த அப்பாவின் வயலிலும் ஒன்றாகச் சேராது.