பாய்மரப் படகின் வேகம்: காற்று மட்டும் போதாது, நீளமும் பின்பக்கமும் பேசும்

புக்கிட் பெருவாங்கிலிருந்து பண்டார் ஹிலிருக்குப் போகிறவர்கள், மலாக்கா ஆற்றோரம் நிற்கும் அந்தப் பெரிய மரக்கப்பலைப் பார்க்காமல் திரும்ப முடியாது. பள்ளிச் சுற்றுலாவில் மேலே ஏறி ஒரு படமாவது எடுத்திருப்போம். இன்று கடல்சார் அருங்காட்சியகமாக இருக்கும் அது, ஃப்ளோர் டி லா மார் என்ற போர்த்துகீசியக் கப்பலின் நகல். அசல் கப்பல் 1502இல் லிஸ்பனில் கட்டப்பட்டது. 1511இல் மலாக்காவைப் பிடித்த அல்புகெர்க்கே, கொள்ளைப் பொருள்களோடு அதில் திரும்பினார். அதே ஆண்டு நவம்பரில், சுமத்ரா கரையோரம் புயலில் அது மூழ்கியது.

நகலின் நீளம் சுமார் 36 மீட்டர். இவ்வளவு பெரிய கப்பல் வேகமாகப் போகுமா? "பெருசு, அதனால ஸ்லோ" என்றுதான் பலருக்குத் தோன்றும். ஆனால் நீளத்தை மட்டும் பார்த்தால், விஷயம் நேர் எதிர்.

நீளம் போடும் எல்லை

படகு நகரும்போது முன்முனையில் ஓர் அலை எழும். வேகம் கூடக் கூட அந்த அலையும் நீண்டுகொண்டே போகும். ஒரு கட்டத்தில் அலையின் ஒரு மேடு முன்முனையிலும் அடுத்த மேடு பின்முனையிலும் வந்து நிற்கும். அதற்கு மேல் வேகம் போனால், இரண்டாவது மேடு படகைத் தாண்டிப் பின்னால் போய்விடும். பின்பக்கம் பள்ளத்தில் இறங்கும், மூக்கு மேலே தூக்கும். தான் கிளப்பிய அலை மீதே படகு மலையேற வேண்டியதுதான்.

இந்த எல்லையைக் கணக்குப் போட எளிய வழி உண்டு. படகு தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் வேகம் நாட்டில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.85 கிலோமீட்டர். 16 அடிக்கு சுமார் 5.4 நாட், 64 அடிக்கு சுமார் 10.7 நாட். வேகம் இரட்டிப்பாக, நீளம் நான்கு மடங்காக வேண்டும்.

ஃப்ளோர் டி லா மார் தண்ணீரில் 30 மீட்டர் தொட்டது என்று வைத்துக்கொண்டால், காகிதத்தில் 13 நாட் வருகிறது. ஆனால் எல்லை என்பது உத்தரவாதம் அல்ல. உருண்டையான வயிறு, கனமான சரக்கு, பின்னால் மாடி வீடு மாதிரி எழும்பும் கட்டுமானம் என்று அந்தக் காலக் கப்பல்கள் சுமந்த சுமைக்கு, அவை ஓடியது இந்த எண்ணுக்கு வெகு கீழேதான்.

பின்பக்கம் கூரா, தட்டையா?

திரங்கானு புலாவ் டுயோங் தச்சர்கள் செங்கால் மரத்தில், வரைபடம் இல்லாமலே கட்டிய இரண்டு படகுகளை ஒப்பிட்டால் இது சட்டென்று புரியும். பெடார் படகு இரு முனையும் கூரானது. ஐரோப்பியக் கப்பல்களின் தாக்கத்தில் உருவான பினாஸின் பின்பக்கமோ பலகை வைத்து வெட்டியதுபோல் இருக்கும்.

கூரான பின்முனையில் தண்ணீர் இரு பக்கமும் வழுக்கி வந்து அமைதியாக ஒன்று சேரும். மெதுவாகப் போகும்போது இழுவை குறைவு. பின்னால் துரத்தி வரும் அலையையும் அது பிளந்துவிடும். ஆனால் அங்கே மிதப்புச் சக்தி குறைவு. வேகம் எடுத்தால் பின்பக்கம் அமுங்கும். அகலமான பின்பக்கம் அப்படி அமுங்காது, சரக்குக்கும் இடம் தரும். பெரிய அலை பின்னாலிருந்து மோதும்போதுதான் அதற்குச் சோதனை: படகைப் பக்கவாட்டில் திருப்பிவிடப் பார்க்கும்.

எல்லையைத் தாண்டும் சின்னப் படகு

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மலேசியாவின் கைருல்நிசாம் அஃபெண்டியும் நூர் ஷாஸ்ரின் முகமட் லத்திஃபும் ஓட்டிய ஐஎல்சிஏ வகைப் படகின் நீளம் 4.23 மீட்டர்தான். லேசர் என்ற பழைய பெயர் சொன்னால் பலருக்குத் தெரியும். மேலே உள்ள கணக்குப்படி அது 5 நாட்டைக்கூடத் தொடக்கூடாது. நல்ல காற்றில் 10 நாட்டைத் தாண்டுகிறது! காரணம், படகு வெறும் 59 கிலோ, அடிப்பாகம் பின்னால் தட்டையாகவும் அகலமாகவும் முடிகிறது. தட்டையான அந்தப் பகுதியில் தண்ணீர் கொடுக்கும் உந்தலில் படகு மேலெழும்பி, அலையை ஏறாமல் அதன் மேல் சறுக்கிப் போய்விடும்.

(நம்ம கட்டுமரத்திலிருந்துதான் ஆங்கிலத்துக்கு 'கேட்டமரான்' போனது. அசல் கட்டுமரம் சேர்த்துக் கட்டிய மரத்துண்டுகள், இரட்டை உடல் படகு அல்ல. இன்றைய கேட்டமரான் வேறு வழியில் தப்பிக்கிறது: உடல்கள் ஒல்லி, அதனால் அலையே சின்னது.)

மலாக்கா நீரிணையில் பல நாள் காற்று மெல்லத்தான் வீசும். அப்போது இதே தட்டையான பின்பக்கம் தொல்லை. அது தண்ணீரில் முங்கி, பின்னால் சுழல் உண்டாக்கி இழுக்கும். அதனால்தான் அனுபவசாலிகள் காற்று குறைந்ததும் முன்னால் நகர்ந்து உட்காருகிறார்கள். எடை முன்னே போனால் பின்பக்கம் தூக்கிக்கொள்ளும். படகின் பின்னாலிருந்து வரும் 'களக் களக்' சத்தம் நிற்கிறதா என்று காது கொடுத்துக் கேட்பார்கள். நிற்கவில்லை என்றால், இன்னும் கொஞ்சம் முன்னே.