ஏரிக் குடிகள் வாங்கிய கவுல்

மதுராந்தகம் ஏரிகாத்த ராமர் கோயிலுக்குப் போனவர்களுக்கு லயனல் பிளேஸ் துரையின் கதை தெரிந்திருக்கும். 18-ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில் செங்கல்பட்டு ஜாகீரின் கலெக்டராக இருந்தவர் அவர். மழைக்கு மழை ஏரிக்கரை உடைந்துகொண்டிருந்தது. ஓர் அடைமழை இரவில், இந்த முறையும் கரை நிற்காது என்ற கவலையோடு துரை ஏரிக்குப் போகிறார். வில்லேந்திய இருவர் கரைமேல் காவல் நிற்பதைப் பார்க்கிறார். கரை தப்புகிறது. நன்றிக்கடனாகத் தாயாருக்குச் சன்னதி எழுப்ப உதவுகிறார். அவர் பெயர் இன்றைக்கும் அந்தக் கோயிலில் கல்லில் இருக்கிறது.

அங்கிருந்து பதினைந்து கிலோமீட்டர் தொலைவுக்குள் இன்னோர் ஏரி. அங்கேயும் அதே துரையின் பெயரைச் சொல்கிறார்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் துப்பாக்கியோடு வந்து ஏரி மரங்களில் அடைந்திருந்த பறவைகளைச் சுட்டார்கள். ஊரார் கலெக்டரிடம் போய் முறையிட்டார்கள். இந்த ஏரியில் யாரும் பறவையைச் சுடக்கூடாது, தடுக்கும் உரிமை ஊராருக்கு உண்டு என்று 1798-இல் பிளேஸ் ஒரு கவுல், அதாவது உறுதிப் பத்திரம், எழுதிக்கொடுத்தார். அந்த ஊர் வேடந்தாங்கல்.

தொண்டைமண்டலத்து ஏரிகளையும் அவற்றை நம்பி வாழும் பறவைகளையும் பற்றி நான் எழுதிவரும் நூலில் இந்த இரண்டு கதைகளையும் ஒரே அத்தியாயத்தில் வைத்திருக்கிறேன். ஒன்று கோயில் கதையாகவும் மற்றொன்று சரணாலயக் கதையாகவும் தனித்தனியே சொல்லப்பட்டு வருகின்றன. எனக்கு இரண்டுமே ஏரிக் கதைகள். வேடந்தாங்கல் முதலில் ஒரு பாசன ஏரி. பறவைகள் அங்கே காப்பாற்றப்பட்டதே அது பாசன ஏரியாக இருந்ததால்தான். இதை வாசகர்கள் முன் வைக்கவே இந்தப் பகுதியைச் சுருக்கி இங்கே தருகிறேன்.

பிளேஸ் கலெக்டராக வந்தபோது இந்த வட்டாரம் எந்த நிலையில் இருந்தது என்று பார்க்க வேண்டும். 1763-இல் ஆற்காட்டு நவாப் முகமது அலி இந்தச் சீமையைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகீராக, அதாவது வருவாய் மானியமாக, கொடுத்தார். 1780-இல் ஹைதர் அலியின் படை வந்தது. ஊர்கள் எரிந்தன, குடிகள் கலைந்தார்கள், ஏரிகளைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் போயிற்று. 1794-இல் பொறுப்பேற்ற பிளேஸ் ஊர் ஊராகக் கணக்குக் கேட்டார், மிராசுதாரர்களோடு மல்லுக்கு நின்றார், ஏரிகளைச் செப்பனிட்டார். 1799-இல் அவர் கம்பெனிக்குக் கொடுத்த நீண்ட அறிக்கை இந்த வட்டாரத்தின் நில வரலாற்றை எழுதுகிற எவரும் தாண்டிப்போக முடியாத ஆவணம்.

ஜாகீரின் வருவாய் நெல்லில் இருந்தது, நெல் ஏரியில் இருந்தது. காவிரி போல ஆண்டில் பாதி நாள் ஓடுகிற ஆறு இங்கே இல்லை. பாலாற்றில் வெள்ளம் வந்த வேகத்தில் வடிந்துவிடும். ஐப்பசி, கார்த்திகையில் கொட்டுகிற வடகிழக்குப் பருவமழையைக் கரைபோட்டுத் தேக்கினால்தான் தை மாதத்தில் வயலில் பச்சை தெரியும். ஏரி கெட்டால் விளைச்சலில் வாங்கும் வாரம் கெடும், வாரம் கெட்டால் கம்பெனியின் வரி கெடும். ஒரு கலெக்டர் சொந்தப் படையின் சிப்பாய்களுக்கு எதிராக, கிராமத்தாரின் பக்கம் நின்று ஏன் எழுதிக்கொடுத்தார் என்பதற்கு இதைவிட வலுவான காரணம் எனக்குத் தெரியவில்லை. அவர் பறவைப் பிரியராக இருந்தாரா என்ற கேள்வியே இங்கே தேவையில்லை. அவர் முன்னால் வந்து நின்றவர்கள் விவசாயிகள். அவர்கள் ஏரியின் பெயரால் பேசினார்கள்.

அவர்களுக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை மதகடியில் நின்றால் பார்க்கலாம். தை மாதம் காலை நேரத்தில் மதகு வழியாக வெளியே வருகிற தண்ணீர் தெளிவாக இருக்காது. பாசிப்பச்சை நிறம், மேலே மெல்லிய வெண்படலம், அதில் ஒட்டிய சிறகுத் துணுக்குகள், மீன் கவிச்சி. ஏரிக்குள் இடுப்பளவு நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களிலும் கருவேல மரங்களிலும் கூழைக்கடா, கரண்டிவாயன், வெள்ளை அரிவாள் மூக்கன், வக்கா, நீர்க்காகம், பாம்புத்தாரா என்று ஆயிரக்கணக்கில் கூடு கட்டியிருக்கும். இலை தெரியாதபடி மரங்கள் சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்துக் கிடக்கும். அந்த எச்சமெல்லாம் நீரில் விழுந்து கரைகிறது. தழைச்சத்தும் மணிச்சத்தும் நிறைந்த அந்த நீர் நேராக நவரைப் பட்டத்து நெல்லுக்குப் பாய்கிறது.

ஆயக்கட்டில் நிலம் வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். வரப்பில் உட்கார்ந்தபடியே சொன்னார்:

“எங்க தாத்தா காலத்துல யூரியா ஏது தம்பி? மதகைத் தொறந்தா எருவும் சேர்ந்தே வரும். இப்பவும் பக்கத்து ஊருக்காரன் போடறதுல பாதி மூட்டைதான் நாங்க போடறோம். பட்சிய அடிச்சா நம்ம சோத்த நாமளே கொட்டுற மாதிரி.”

“தீபாவளிக்கு வெடி போட மாட்டீங்களாமே ஐயா?”

“பசங்களுக்கு மத்தாப்பு வாங்கிக் குடுப்போம். வெடி கெடையாது. ஐப்பசி மாசந்தானே அதுங்க வந்து எறங்கற நேரம்? அப்ப வெடிச்சா திரும்பிப் போயிடும்னு பெரியவங்க சொல்லுவாங்க.”

பறவைகள் வந்து இறங்கும் வாரங்களும் தீபாவளியும் ஏறத்தாழ ஒன்றாகவே வருகின்றன. இடம் பிடிக்கும் பருவத்தில்தான் நீர்ப்பறவைகள் மிகவும் மிரளும். முட்டையும் குஞ்சும் வந்தபின் அவ்வளவு எளிதில் இடத்தை விட்டுப் போவதில்லை. சரியான நேரத்தில் சரியான கட்டுப்பாட்டை வைத்திருக்கிறார்கள். சிவகங்கைச் சீமையில் வேட்டங்குடிச் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுகுடிப்பட்டியிலும் இதே வழக்கம் உண்டு. ஒரு சட்டமும் கேட்காத கட்டுப்பாட்டைத் தலைமுறை தலைமுறையாகத் தாங்களே வைத்துக்கொண்டவர்களை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு நிறைகிறது.

எருவோடு கணக்கு முடிந்துவிடவில்லை. நத்தைகுத்தி நாரையை அருகில் பார்த்திருக்கிறீர்களா? அலகின் மேல்பாதியும் கீழ்பாதியும் நடுவில் சேராமல், பாக்குவெட்டி பாதி திறந்தாற்போல இடைவெளி விட்டிருக்கும். குஞ்சுக்கு இந்த இடைவெளி இருக்காது. வளர வளரத்தான் வரும். அந்த இடைவெளியில் வைத்து நத்தையை நொறுக்கித் தின்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. சேற்று நீரில் நத்தையைத் தேடி எடுத்து, அலகால் அசையாமல் பிடித்துக்கொண்டு, கீழலகின் கூர்முனையை ஓட்டின் மூடிக்கு அடியில் செலுத்துகிறது. உள்ளே தசையை அறுத்துவிட்டுச் சதையை முழுசாக உருவி எடுக்கிறது. ஓடு உடைவதில்லை. நாற்று நட்ட வயல்களின் வரப்போரத்தில் ஒரு விரிசலும் இல்லாத வெற்று ஓடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்தால், நாரை அங்கே வேலை பார்த்துவிட்டுப் போயிருக்கிறது என்று அர்த்தம். நத்தை இளம் நாற்றைத் தின்னும். நண்டு வரப்பைத் துளைத்துக் கட்டிய தண்ணீரை வடித்துவிடும். நாரைக்கும் கொக்குக்கும் இரண்டுமே உணவு.

வேடந்தாங்கல் ஏரியின் பரப்பு ஏறத்தாழ 30 ஹெக்டேர்தான். அவ்வளவு பறவைகளுக்கும் அவற்றின் குஞ்சுகளுக்கும் மாதக்கணக்கில் இரைகொடுக்க அந்தச் சிறிய ஏரியால் முடியாது. அங்கே அவை தங்குகின்றன, கூடு கட்டுகின்றன. இரைதேடச் சுற்றுவட்டத்து ஏரிகளுக்கும் தாங்கல்களுக்கும் நன்செய்க்கும் போகின்றன. பல ஊர் வயலிலும் குளத்திலும் பொறுக்கிய மீனும் நத்தையும் இந்த ஒரு மதகின் வழியாக எருவாக வெளியேறுகின்றன. ஆகவே வேடந்தாங்கலைக் காப்பது என்றால் அதைச் சுற்றியுள்ள அத்தனை ஏரிகளையும் காப்பது என்றுதான் பொருள். இதைப் பிறகு வந்த சட்டங்கள் மெதுவாகத்தான் புரிந்துகொண்டன.

ஏரியை ஊரே நிர்வகிக்கும் பழக்கம் இங்கே மிகப் பழையது. வேடந்தாங்கலுக்கு அருகிலுள்ள உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் ஏரி வாரியத்துக்கு உறுப்பினர்களைக் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சொல்கின்றன. அந்தக் கல்வெட்டுகள் 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பிறகு 1767 முதல் 1774 வரை கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு இந்த ஜாகீரின் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அந்தக் கணக்குகளில், களத்தில் நெல் அளக்கும்போதே ஊர்ப் பொதுக் காரியங்களுக்கும் ஊழியர்களுக்கும் பங்கு ஒதுக்கும் ஏற்பாடு தெரிகிறது. ஏரிக்கும் அதில் இடம் உண்டு. மதகைத் திறந்து மூடி, கடைமடை வரை தண்ணீர் சேர்க்கும் நீர்க்கட்டிக்கும் மேரை என்ற நெல் பங்கு உண்டு. இப்படிப்பட்ட ஊர் அமைப்பு ஒன்று இருந்ததால்தான் பிளேஸ் துரையின் கச்சேரிக்கு ஓர் ஊராக, ஒரே குரலாகப் போக முடிந்தது. கவுலைக் கேட்டு வாங்கத் தெரிந்தவர்கள் அவர்கள்.

1858-இல் மீண்டும் ஒருமுறை செங்கல்பட்டுக் கலெக்டரிடம் அந்த உரிமைக்கு ஆணை பெறப்பட்டது. கம்பெனி ஆட்சி முடிந்து ராணியின் ஆட்சி தொடங்கிய ஆண்டு அது. ஆட்சி மாறும் நேரத்தில் இப்படியோர் ஆணை பிறந்தது என்பது என்னை மிகவும் ஈர்க்கிற செய்தி. 1936-இல் அரசு இதைப் பறவைகள் சரணாலயமாக அங்கீகரித்தது. 1962-இல் வனச்சட்டத்தின் பாதுகாப்பு வந்தது, பிறகு 1972-இன் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம்.

இந்த இடைக்காலத்தில் வேடந்தாங்கலைப் படித்தவர்களின் கண்முன் கொண்டுவந்தவர்களில் மா. கிருஷ்ணனை முதலில் சொல்வேன். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன், 1912-இல் பிறந்து 1996-இல் மறைந்தார். ‘ஸ்டேட்ஸ்மன்’ இதழில் 1950 முதல் மறையும்வரை பத்தி எழுதியவர், தமிழிலும் எழுதியவர். கருப்பு வெள்ளைப் படங்களோடு அவர் நீர்ப்பறவைகளைப் பதிவு செய்த விதத்தில் ஒரு கறார் இருக்கும். பார்த்ததைத்தான் எழுதுவார், பார்த்த அளவுக்குத்தான் எழுதுவார். இங்கே சுற்றுச்சூழல் பற்றி எழுத வருகிற எவரும் அவரிடம் கற்க வேண்டியது அந்த ஒழுக்கத்தைத்தான்.

1998-இல், கவுலுக்குச் சரியாக 200 ஆண்டுகள் கழித்து, ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டத்தைச் சரணாலயமாக அரசு அறிவித்தது. பறவைகள் எங்கே இரை தேடுகின்றன என்பது அப்போதுதான் சட்டத்துக்குள் வந்தது. ஆனால் அந்த வட்டத்துக்குள் ஊர்கள் இருக்கின்றன, பட்டா நிலங்கள் இருக்கின்றன, பொதுப்பணித்துறையின் ஏரிகள் இருக்கின்றன, ஆலைகளும் இருக்கின்றன. கவுல் ஊராரின் கையில் ஓர் உரிமையைக் கொடுத்தது. அறிவிக்கை அவர்களைக் கேட்கவேண்டியவர்களாக மாற்றியது. தன் சொந்த நிலத்தில் எதைச் செய்யலாம், எதற்கு அனுமதி வேண்டும் என்று தெரியாமல் தவித்த விவசாயிகளை நான் சந்தித்திருக்கிறேன். பறவையை இத்தனை காலம் காத்தவர்கள் அவர்கள். அவர்களுக்கு உட்கார்ந்து விளக்கிச் சொல்ல ஒருவர் வேண்டும்.

2020-இல் அந்த வட்டத்தை 3 கிலோமீட்டராகச் சுருக்க ஒரு முன்மொழிவு வந்தபோது எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. வெளியே விடப்பட இருந்த 2 கிலோமீட்டர் பட்டையில் ஏரிகளும் வயல்களும் இருந்தன. 30 ஹெக்டேர் ஏரியை வைத்துக்கொண்டு சுற்றியுள்ள நன்செயை விட்டுவிடுவது, வீட்டை வைத்துக்கொண்டு அடுப்படியை இடிப்பதற்குச் சமம். முன்மொழிவு நிறைவேறவில்லை. 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தன. மகிழ்ச்சிதான். ஆனால் ஏரிக்குத் தண்ணீர் கொண்டுவருவது வரத்துக்கால்வாய். அது தூர்ந்துபோனால், சீமைக் கருவேலம் அடைத்துக்கொண்டால், வீட்டுமனைக்காக மடக்கிப் போடப்பட்டால், எந்தப் பட்டியலும் ஏரியை நிரப்பாது. நீர் வற்றிய ஆண்டுகளில் பறவைகள் வருவதில்லை, வந்தாலும் தங்குவதில்லை. மரத்தடியில் நீர் நிற்கும்வரைதான் பூனையும் நாயும் கூட்டை அணுகாது.

செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டங்களில் ஏரிகளுக்குக் குறைவில்லை. அவற்றில் பலவற்றிலும் பறவை அடைகிறது. அங்கெல்லாம் வேட்டை கூடாது, மரம் வெட்டக்கூடாது, இந்த மாதத்தில் மீன்பிடி கூடாது என்று ஊர்க் கட்டுப்பாடுகள் இருந்ததாக முதியவர்கள் சொல்லக் கேட்டு எழுதி வருகிறேன். வாய்மொழி மட்டும் போதாது. உங்கள் குடும்பத்தில் யாரேனும் கர்ணமாகவோ மணியக்காரராகவோ இருந்திருந்தால், பரணில் பழைய ஏரிக் கணக்கு, மேரைக் கணக்கு, மீன்பாசி ஏலக் காகிதம் ஏதாவது கிடக்கலாம். கரையான் அரித்திருந்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஊர்ப் பெயரும் ஏரியின் பெயரும் படிக்க முடிந்தால் போதும், நான் நேரில் வந்து உங்கள் வீட்டிலேயே உட்கார்ந்து படியெடுத்துக்கொள்கிறேன்.