பழைய சரக்குந்துகளின் டிஃபரன்ஷியல்: வரலாறும் இனங்காணலும்

சரக்குந்து வளைவில் திரும்பும்போது வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தைவிட அதிகத் தொலைவு ஓடவேண்டும். இரண்டும் ஒரே இருசில் இறுகப் பிணைந்திருந்தால் டயர் தேயும், இருசும் முறியலாம். இரு சக்கரங்களுக்கும் வேறுபட்ட வேகத்தைத் தந்து இதைத் தீர்க்கும் பற்சக்கரத் தொகுதியே டிஃபரன்ஷியல் எனப்படுகிறது.

தோற்றம்

பிரான்சைச் சேர்ந்த ஒனேசிஃபோர் பெக்கர் என்பவர் 1828இல் நீராவி வண்டி ஒன்றுக்காக இவ்வமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1739இல் பிரெஞ்சுக்காரர் வசமான காரைக்கால் அப்போதும் அவர்களது ஆட்சியிலேயே இருந்தது. எனினும் இக்கருவி சாலைகளில் பரவலாக வந்தது மோட்டார் வண்டிகளின் காலத்தில்தான். 1920களில் ஹைப்பாய்டு வகைப் பற்சக்கரங்கள் மோட்டார் வண்டிகளில் புழக்கத்துக்கு வந்தன.

காரைக்காலும் சரக்குந்துகளும்

சென்னையில் 1948இல் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், 1955இல் அசோக் லேலண்ட் ஆயிற்று. ஜாம்ஷெட்பூரில் டாட்டா நிறுவனம் ஜெர்மனியின் டைம்லர்-பென்ஸ் உதவியுடன் 1954இல் லாரி தயாரிக்கத் தொடங்கியது. அதே ஆண்டு நவம்பர் 1ஆம் நாள் காரைக்காலின் நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான இணைப்பு 1962 ஆகஸ்டு 16இல் நிறைவேறியது. 2009இல் வாஞ்சூர் அருகே தனியார் துறைமுகம் செயல்படத் தொடங்கியபின், நிலக்கரி முதலிய சரக்குகளின் போக்குவரத்தும் சேர்ந்தது.

இங்குப் பதிவாகும் வண்டிகள் பி.ஒய். 02 என்ற எண்ணைத் தாங்குகின்றன. அவற்றைத் தமிழகத்துக்கு விற்கும்போது தடையில்லாச் சான்று பெற்று மறுபதிவு செய்யவேண்டும். பதிவுச் சான்றிதழில் எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் இருக்கும். டிஃபரன்ஷியலின் பல்விகிதம் இருக்காது. சேஸிஸ் எண்ணைக் கொண்டு ஆலையில் பொருத்தப்பட்டது எதுவெனக் கேட்டறியலாம். ஆனால் இடையில் ஹவுசிங்கோ கிரவுன்-பினியனோ மாற்றப்பட்டிருந்தால் அந்தத் தகவல் பொருந்தாது. வண்டியையே சோதித்தாகவேண்டும்.

இனங்காணும் முறைகள்

முதலில் ஹவுசிங் மீதுள்ள உலோகத் தகட்டையும் வார்ப்பு எண்களையும் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துப் படிக்கலாம். தகட்டில் 41/6 என்றிருந்தால் கிரவுன் சக்கரத்துக்கு 41 பல், பினியனுக்கு 6 பல், விகிதம் 6.83. 37/7 என்றால் 5.29. முன்னது பாரம் இழுக்க ஏற்றது. பின்னது டெல்டாவின் சமதளச் சாலையில் எஞ்சின் சுழற்சியைக் குறைத்து ஓட ஏற்றது.

தகடு இல்லையெனில், வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்னிருசை உறுதியான ஸ்டாண்டுகளில் ஏற்றி, கியரை நியூட்ரலில் வைத்து, பார்க்கிங் பிரேக்கை விடுவிக்கவேண்டும். ஒரு பக்கச் சக்கரத்தை அசையாமல் பிடித்து, மறுபக்கச் சக்கரத்தை இரண்டு முழுச் சுற்றுச் சுற்றினால், கார்டன் ஷாஃப்ட் சுற்றும் எண்ணிக்கையே விகிதம். ஒரு சக்கரம் மட்டும் சுற்றும்போது கூண்டு பாதி வேகத்திலேயே சுழல்வதால்தான் இரண்டு சுற்று தேவைப்படுகிறது.

இரு சக்கரங்களையும் தளர்த்திவிட்டு ஒன்றைச் சுழற்றும்போது மற்றது எதிர்த்திசையில் சுழன்றால் அது சாதாரணத் திறந்த வகை. ஒரே திசையில் சுழன்றால் பூட்டு விழுந்திருக்கிறது, அல்லது நழுவலைக் கட்டுப்படுத்தும் வகை. கடலோர மணலில் ஒரு சக்கரம் வீணே சுழன்று வண்டி சிக்கிக்கொள்ளும் இடங்களில் இந்த வேறுபாடு முக்கியமானது.

ஷாஃப்ட் சேரும் இடம் இருசின் நடுக்கோட்டுக்குத் தெளிவாகக் கீழோ மேலோ இருந்தால் ஹைப்பாய்டு எனக் கருதலாம். அதற்கு அதிக அழுத்தம் தாங்கும் சிறப்பு எண்ணெய் வேண்டும். சக்கர மையம் பருத்து, நடு ஹவுசிங் சிறுத்திருந்தால் ஹப்பிலும் பல்குறைப்பு உண்டு. அப்போது கிரவுன்-பினியன் பற்களை மட்டும் எண்ணினால் முழு விகிதம் கிடைக்காது. சுற்றிப் பார்த்து எண்ணும் முறையே சரி. இரட்டைப் பின்னிருசு வண்டியில் முதல் இருசின் ஊடே பின்னதற்குச் செல்லும் ஷாஃப்ட் இருந்தால், இரு இருசுகளுக்கிடையே மூன்றாவது டிஃபரன்ஷியல் உண்டா என்று பார்க்கவேண்டும்.

பயன்

கிரவுனும் பினியனும் ஆலையில் ஒன்றோடொன்று பொருத்தித் தேய்க்கப்பட்ட இணை. ஒன்றை மட்டும் மாற்றினால் இரைச்சலும் விரைவான தேய்மானமும் ஏற்படும். வேறு விகித இணை வந்துவிட்டால் வண்டியின் இழுவையும் டீசல் செலவும் மாறும். வேகத்தை ஷாஃப்டின் சுழற்சியிலிருந்து கணக்கிடும் வண்டிகளில் வேகமானியும் தவறு காட்டும். வாங்குமுன் செய்யும் இந்தச் சோதனை, ஒரு சிறு உரிமையாளரின் முதலைக் காக்க வல்லது.