கடலடி ஓசையிலிருந்து கைத்தொலைபேசி வரை



சித்தியவான், ஆயர் தாவார் வட்டாரத்தில் வாழும் நமக்கு லுமுட் கடற்படைத் தளம் புதியதன்று. ஆனால் கடற்படைக்கும் நம் கையிலுள்ள தொலைபேசிக்கும் உள்ள தொடர்பு பலருக்குப் புதிதாக இருக்கலாம். அதை உண்டாக்கியவர்களில் முதன்மையானவர் ஒரு தமிழர்: 1944-இல் பொள்ளாச்சியில் பிறந்த ஆரோக்கியசாமி பால்ராஜ்.

அவர் 15 வயதில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். பின்னர் டில்லி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பயின்று, 1973-இல் மின்பொறியியலில் முனைவர் பட்டம் பெற்றார். முனைவர் பட்டம் என்பது பெரிய நூல்களை மனப்பாடம் செய்து வாங்குவதன்று. எவரும் விடை காணாத ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு, ஆண்டுக்கணக்கில் உழைத்து, விடையை நிறுவிக் காட்டுவதாகும்.

இதற்கிடையில் ஒரு பேரிழப்பு நேர்ந்தது. 1971 டிசம்பர் 9-ஆம் நாள், குக்ரி என்னும் இந்தியப் போர்க்கப்பலைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கிக் கப்பல் தாக்கி மூழ்கடித்தது. 194 பேர் மாண்டனர். கடலுக்கடியில் பதுங்கியிருப்பதை ஓசையால் கண்டறியும் கருவிக்குச் சோனார் என்று பெயர். அது இன்னும் கூர்மையாக வேண்டும் என்பதை அந்த இழப்பு உணர்த்தியது. பால்ராஜ் முதலில் பழைய சோனாரைச் சீர்செய்தார். பிறகு அவர் தலைமையில் அப்ஸோ என்னும் புதிய சோனார் இந்தியாவிலேயே உருவாகி, 1980-களில் கப்பல்களில் ஏறியது.

திருவிழா இரைச்சலிலும் தாய் தன் பிள்ளையின் குரலை அடையாளம் கண்டுகொள்கிறாள் அல்லவா? சோனாரும் பல செவிகளால் கேட்டு, கணக்கின் துணையால் வேண்டிய ஓசையைப் பிரிக்கிறது.

1990-களின் தொடக்கத்தில் அவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். வானொலி அலைகள் கட்டடங்களிலும் மரங்களிலும் பட்டுத் தெறித்துக் கலங்குவதைப் பொறியாளர்கள் தொல்லையாகவே கருதினர். அந்தத் தெறிப்பையே துணையாக்கலாம் என்றார் பால்ராஜ். பல அலைவாங்கிகளால் ஒரே அலைவரிசையில் பல செய்திகளை ஒருங்கே அனுப்பலாம். பெறும் இடத்தில் அவற்றைக் கணக்கிட்டுப் பிரிக்கலாம். இம்முறைக்கு மைமோ என்று பெயர். 1994-இல் இதற்குக் காப்புரிமை கிடைத்தது. ஆனாலும் பலர் நம்பவில்லை.

காப்புரிமைத் தாள் மட்டும் வீட்டுக்கு வீடு போய்ச் சேராது. நம்பாதவர்களுக்குச் செய்து காட்ட, 1998-இல் அவர் ஒரு நிறுவனம் தொடங்கினார். அயோஸ்பான் என்னும் அந்த நிறுவனத்தின் தொழில்நுட்பம் 2003-இல் இன்டெல்லின் கைக்குப் போயிற்று. அவர் ஓயவில்லை. அதே ஆண்டில் தொடங்கப்பெற்ற பீசீம் நிறுவனத்தில் பங்கேற்று, சில்லுகள் செய்ய வழிகோலினார். 2010-இல் பிராட்காம் அதை ஏறத்தாழ 31.6 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்கியது. இன்றைய கைத்தொலைபேசிகளிலும் வைஃபையிலும் மைமோ இயங்குகிறது. 2014-இல் அவருக்கு மார்க்கோனி பரிசு வழங்கப்பெற்றது.

பெற்றோர்களே! “இன்னும் எத்தனை ஆண்டு படிப்பு? எப்போது சம்பாதிப்பது?” என்று தோட்டப்புற வீடுகளில் கேட்பது இயல்பே. வயிற்றுப்பாடு அப்படிக் கேட்க வைக்கிறது. ஆனால் ஆராய்ச்சிப் படிப்பே ஒரு தொழிலுக்கு முதலாகலாம் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. அதற்குக் கடல் கடக்கவும் வேண்டியதில்லை. ஈப்போ செல்லும் வழியில், செரி இஸ்கண்டாரிலுள்ள பெட்ரோனாஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திலேயே மின்பொறியியலில் முனைவர் பட்டம் வரை பயிலலாம். உங்கள் பிள்ளை வானொலிப் பெட்டியைக் கழற்றிப் பார்த்து “ஏன்?” என்று கேட்டால், அதட்டாதீர்கள். முனைவர் படிப்பும் அப்படியொரு கேள்வியில்தான் தொடங்குகிறது.